மலை உச்சியில் மதியச் சாப்பாடு: பனிச்சறுக்குக் கூட்டத்துக்குள் இடம் பிடிப்பது எப்படி?

கோவைக்காரன்_சூரிக் | 29 ஜனவரி, இரவு 9:14

எல்லாருக்கும் வணக்கம். பிப்ரவரி விடுமுறையில சுவிஸ் மலை ஊரான கிரிண்டெல்வால்ட் போறோம். பசங்க ரெண்டு பேருக்கும் சறுக்குப் பள்ளியில இடம் கிடைச்சாச்சு. நானும் வீட்டம்மாவும் ஓரளவுக்குச் சறுக்குவோம். ஊர்லேர்ந்து மாமனாரும் மாமியாரும் வந்திருக்காங்க. அவங்க சறுக்கப் போறதில்ல, ஆனா மதியம் ஒரு நாளாவது எல்லாரும் மேல ஒண்ணா உக்காந்து சாப்பிடணும்னு ஆசைப்படறாங்க. மாமியார் சுத்த சைவம், முட்டை கூடத் தொட மாட்டாங்க.

போன சீசன்ல வேற ஒரு மலையில பன்னிரண்டரைக்கு உள்ள நுழைஞ்சோம். தட்டைக் கையில வச்சுக்கிட்டு, சாப்பிடறவங்க நாற்காலிக்குப் பின்னாடி நின்னோம், கல்யாணப் பந்தியில இலைக்குப் பின்னாடி நிப்போமே அப்படி. இடம் கிடைக்கறதுக்குள்ள சூப்புல ஏடு கட்டிடுச்சு. பெரியவங்களை வச்சுக்கிட்டு அந்தக் கூத்து வேண்டாம்.

எத்தனை மணிக்குப் போனா நல்லது? ரயில்லயோ கேபிள் கார்லயோ அவங்களும் வந்து சேர்ற மாதிரி எந்த இடம்? புளியோதரை கட்டிக்கிட்டுப் போனா உள்ள உக்காந்து சாப்பிட விடுவாங்களா?

பேர்ண்_சிவா | 29 ஜனவரி, இரவு 10:02

தம்பி, பன்னிரண்டு மணி எண்டா சுவிஸ்காரருக்குச் சாப்பாட்டு மணி. மலையில நிண்டாலும் சரி, கந்தோரில இருந்தாலும் சரி, அந்த மணிக்கு அவைக்குக் கோப்பை முன்னால இருக்க வேணும். அதோட சறுக்குப் பள்ளிக்காரர் பதினொண்டே முக்காலுக்கு ஐம்பது அறுபது பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வருவினம். அவைக்கு மேசை முதலே ஒதுக்கியிருக்கும். ஆனபடியா பதினொண்டே காலுக்குள்ள உள்ளுக்குப் போங்கோ, இல்லாட்டி இரண்டு மணிக்குப் பிறகு போங்கோ. நடுவில போறது வீண் அலைச்சல்.

உங்கட குடும்பத்துக்கு கிளைன ஷைடெக் தான் சரி. 2,061 மீற்றர். கிரிண்டெல்வால்டில இருந்து பல்சக்கர ரயில் நேர மேல வரும், லவுட்டர்புருனன், வெங்கன் பக்கத்தாலயும் வரலாம். இல்லாட்டி 2020 டிசம்பரில திறந்த ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் காரில ஏறினால் 15 நிமிசத்தில ஐகர்கிளெட்ஷர் நிலையம், 2,320 மீற்றர். அங்கயும் சாப்பாட்டுக் கடை இருக்கு. அங்க இருந்து ரயிலில ஒரு தரிப்பு கீழ இறங்கினா ஷைடெக். மாமா மாமி பனியில ஒரு அடி நடக்கத் தேவையில்லை. ரயிலால இறங்கினவுடன கடை, எதிர்ல ஐகர் மலையின்ர வடக்குச் சுவர் நிக்கும். நீங்கள் சறுக்கிக்கொண்டே அதே இடத்துக்கு வரலாம், ஏனெண்டா எல்லாப் பக்கத்து ஓட்டப் பாதையும் அங்கதான் கூடுது.

எல்லாப் பாதையும் கூடுற இடம் எண்டபடியா சனமும் அங்கதான் கூடும், அதையும் மனசில வையுங்கோ.

கணக்குப்பிள்ளை | 29 ஜனவரி, இரவு 10:31

பெரிய மலைகள்ல லிஃப்ட் டிக்கெட்டே ஒரு ஆளுக்கு 80 பிராங்கை ஒட்டி வருது. அதுக்கு மேல ஒரு ரோஸ்ட்டி (உருளைக்கிழங்கைத் துருவி அடை மாதிரி முறுக வறுத்தது) 25, ஒரு தட்டு ஃபிரைஸ் 10க்குக் கிட்ட, குழாய்த் தண்ணிக்கும் சில இடத்துல காசு. ஆறு பேர் குடும்பம்னா பில்லைப் பாத்ததும் கால் தானா வழுக்கும், பனியே வேண்டாம்.

கட்டுச்சோறு கட்டிட்டுப் போங்க. உள்ள போய் ஒரு டீ வாங்கி மேசையில வச்சுக்கிட்டு டப்பாவைத் திறங்க. நான் அப்படித்தான். ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல. சொன்னாலும் ஜெர்மன்ல சொல்வாங்க, நமக்கு என்ன புரியப் போகுது.

விஸ்லர்வாசி | 29 ஜனவரி, இரவு 11:48

வட அமெரிக்காவுல இதுக்கு இவ்வளவு யோசிக்க மாட்டோம். மலை மேல உள்ள பெரிய லாட்ஜ்கள்ல பொதுவா சொந்த சாப்பாட்டைப் பிரிச்சு உக்காந்தா யாரும் முறைக்கறதில்ல. நம்மாளுங்க மட்டுமில்ல, வெள்ளைக்காரங்களும் ரொட்டியில வேர்க்கடலை வெண்ணெய் தடவி எடுத்துட்டு வருவாங்க. ஆனா கூட்டம் அங்கயும் இதே கூட்டம்தான். கனடாவுல விஸ்லர் மலையில ரவுண்ட்ஹவுஸ் லாட்ஜ்ல நீண்ட வார இறுதியில பன்னிரண்டு மணிக்கு மேசை கிடைச்சா அன்னைக்கு லாட்டரிச் சீட்டும் வாங்கலாம்.

எங்க வீட்டு வழக்கத்தைச் சொல்றேன். விஸ்லர் மலையிலேர்ந்து பிளாக்கூம் மலைக்குப் போற பீக் டு பீக் கேபிள் காரை மதியத்துக்குன்னே வச்சுக்குவோம். 2008ல திறந்தது, 4.4 கிலோமீட்டர், பதினோரு நிமிஷம். பெட்டிக்குள்ள உக்காந்து சப்பாத்தி ரோல் சாப்பிட்டு முடிச்சுடலாம். அந்தப் பக்கம் இறங்கி, இனிப்பு வேணும்னா கிரிஸ்டல் ஹட்ல வாஃபிள். அங்கயும் வரிசை உண்டு, ஆனா வாஃபிள் வாசனைக்காக நிக்கறது வேற விஷயம்.

அடுப்படி_அண்ணை | 30 ஜனவரி, பின்னேரம் 4:40

நான் ஒரு மலைக் கடையின்ர குசினியில கனகாலமா வேலை. எந்த மலை எண்டு சொல்லேல்லை, முதலாளியும் இணையம் பாக்கிறவர்.

கணக்குப்பிள்ளை தம்பி, உங்கட தேத்தண்ணிக் கதையில ஒரு விசயம் விடுபட்டுப் போச்சு. ஒரு மலைக் கடை ஒரு நாளில காசு பாக்கிறது பன்னிரண்டில இருந்து ஒண்டரை வரைக்கும்தான். காலமை கோப்பியும் குறுவாசானும் விக்கும், மூண்டு மணிக்குப் பியர் விக்கும், ஆனா அடுப்பு எரியிற காசு அந்த ஒண்டரை மணித்தியாலத்திலதான் வரும். அந்த நேரம் நாலு கதிரை போட்ட ஒரு மேசையில நாலு பேர் ஒரு தேத்தண்ணியோட டப்பாவைத் திறந்தா, பின்னால தட்டத்தோட நிக்கிற ஆக்கள் எங்க இருக்கிறது? கோவைக்காரர் போன சீசன் சூப்போட நிண்டது அப்பிடி ஒரு மேசைக்குப் பின்னாலயாவும் இருக்கலாம்.

விலை ஏன் கூட எண்டும் கேட்பியள். எங்களிட்ட றோட்டு இல்லை. உருளைக்கிழங்கு மூட்டை, எண்ணெய், பியர்ப் பீப்பா, கடதாசித் துவாய் எல்லாம் கேபிள் காரிலதான் வரும், சறுக்கிற சனம் ஏற முதல் விடிய வெள்ளன, இல்லாட்டி அவை இறங்கின பிறகு. குப்பையும் பாவிச்ச எண்ணெயும் அதே வழியால கீழ போகும். கடும் காத்தடிச்சு லிஃப்டை நிப்பாட்டினா அண்டைக்கு ஒருத்தரும் வராயினம், ஆனா ஐம்பது லீற்றர் பார்லிச் சூப் ஏற்கெனவே கொதிச்சு முடிஞ்சிருக்கும். சம்பளம் குடுக்கத்தான் வேணும். வெய்யில் எறிக்கிற சனிக்கிழமை அந்த ஐம்பது லீற்றர் ஒரு மணிக்கே முடிஞ்சிடும்.

இன்னொண்டு, உயரம். 2,000 மீற்றரில தண்ணி 93 பாகையிலயே கொதிக்கும். 3,000 மீற்றர் எண்டா 90. மக்கரோனி வேக நேரம் எடுக்கும், பருப்பு எண்டா கேக்கவே வேண்டாம், பிறஷர் குக்கர் இல்லாமல் மாலையாகும். அதால பாஸ்தாவை முதலே அரைவாசி அவிச்சு வைச்சு, ஓடர் வந்தவுடன சூடாக்கிக் குடுக்கிறம். ரோஸ்ட்டிக்கு உருளைக்கிழங்கை முதல் நாளே தோலோட அவிச்சு ஆற விடுவம். சுடச்சுடத் துருவினா களியாப் போகும். மற்ற நாள் அது இறுகி நிக்கும், பெரிய துருவல் பலகையில நீட்டு நீட்டா வரும், வெண்ணெய் போட்ட சட்டியில பரப்பி அமத்தி விட்டு, அடி பொன்னிறமான பிறகு ஒரே தரத்தில திருப்பிப் போட வேணும். இடையில கிண்டினா சரி, முடிஞ்சுது. முட்டை பொரிச்சு மேல வைக்கிறது கடைசி வேலை. இதுக்கு ஒரு சட்டி, ஒரு ஆள், பத்துப் பன்னிரண்டு நிமிசம். ஒரே நேரத்தில நாற்பது ரோஸ்ட்டி ஓடர் வந்தா என்ன நடக்கும் எண்டு யோசியுங்கோ.

அதால அவசரம் எண்டா சூப்பு, அவிச்ச சொசேஜ், மக்கரோனி எண்டு கேளுங்கோ, அகப்பையால அள்ளி வைக்கிற சாமான். ஃபிரைஸ் வரிசைதான் எப்பவும் நீளம். பொரிக்கிற கூடை இரண்டுதானே.

குசினியில நாங்கள் பத்தே முக்காலுக்குச் சாப்பிட்டு முடிச்சிடுவம். எங்கட ஆக்கள் மூண்டு பேர், போர்த்துக்கேயர் இரண்டு பேர். உப்பு வாளிக்குப் பின்னால ஒரு போத்தலில யாழ்ப்பாணத் தூள் நிக்குது. போர்த்துக்கேயரும் அதைக் கேட்டு வாங்கித்தான் சாப்பிடினம்.

கணக்குப்பிள்ளை | 30 ஜனவரி, மாலை 6:05

அண்ணே, காத்தடிச்சா உங்களுக்கு நட்டம், புரியுது. ஆனா அந்த நட்டத்தை என் தலையில ஏன் கட்டணும்? என்னை வெத்தலை பாக்கு வச்சா கடைக்குக் கூப்பிட்டாங்க? கடையை நடத்தறது பல இடத்துல லிஃப்ட் கம்பெனியேதான். டிக்கெட்டுக்குக் காசு வாங்கினவன் குடும்பத்தோட வர்றவனுக்கு நாலு பெஞ்சும் ஒரு கூரையும் போட வேண்டாமா?

கிரெனோபிள்_குமரன் | 30 ஜனவரி, மாலை 6:40

பிரான்சில் அதைத்தான் போட்டிருக்கிறார்கள். ‘சால் ஓர்-சாக்’ என்று பலகை இருக்கும். பையில் கொண்டுவந்ததைச் சாப்பிடுவதற்கென்றே ஓர் அறை, காசு இல்லை. பெரும்பாலும் லிஃப்ட் நிலையத்துக்குப் பக்கத்திலோ அடித்தளத்திலோ இருக்கும். அழகாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஈரச் சாக்ஸும் பாலாடைக்கட்டியும் கலந்த வாசம். ஆனால் சூடு உண்டு, மேசை உண்டு, யாரும் விரட்ட மாட்டார்கள். பள்ளிக் குழந்தைகள் பேருந்தோடு வந்து இறங்கும் நாளில் மட்டும் அங்கேயும் பந்திதான்.

சுவிசிலும் பல மலைகளில் இப்படி அறை இருக்கிறது. ஓட்டப் பாதை வரைபடத்தில் பிக்னிக் குறியைத் தேடுங்கள், அல்லது டிக்கெட் வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

பேர்ண்_சிவா | 30 ஜனவரி, இரவு 8:15

கணக்குப்பிள்ளை கேட்கிற கேள்வி நியாயம். ஆனா அதுக்குப் பதில் கடைக்காரன்ர மேசையைப் பிடிக்கிறது இல்லை. கடைக்கு வெளியில வெறும் பெஞ்சு நிறைய இருக்கு, வெய்யில் எண்டா உள்ளுக்குள்ளதிலும் அதுதான் சுகம். எங்கட பிள்ளையள் பள்ளிக்கூட ஸ்கீ முகாமுக்குப் போனபோது மதியம் முழுக்க லிஃப்டடியில நிண்டு பாணும் சீஸும்தான். ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்லை.

ஆனா ஒண்டு, தொடர்ச்சியாக் கடைக்குள்ள டப்பா திறந்தா கடைசியில “சொந்தச் சாப்பாடு தடை” எண்டு பலகை வரும். அது வந்தா குழந்தைக்குப் பால் சூடாக்கக் கேட்கிற தாய்க்கும் முகம் சுளிப்பினம்.

மரக்கறி_மாலா | 30 ஜனவரி, இரவு 9:22

மாமியார் சுத்த சைவம் என்றால் இதை முழுசாப் படியுங்கோ, நான் இருபது வருசமா இதிலதான் இடிபடுறன்.

ரோஸ்ட்டி பாக்க மரக்கறி மாதிரி இருக்கும், பல இடத்தில பன்றி இறைச்சித் துண்டு கலந்திருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ எண்டு மட்டும் சொன்னால் அதை இறைச்சியெண்டு கணக்கெடுக்காத ஆக்களும் இருக்கினம். “ஓனெ ஷ்பெக்” (பன்றித் துண்டு இல்லாமல்) எண்டு தனியாச் சொல்லுங்கோ. கிறவுபுண்டன் பக்கத்துப் பார்லிச் சூப்பில காய்ஞ்ச இறைச்சி போடுவினம். மரக்கறிச் சூப் எண்டு எழுதியிருந்தாலும் அவிச்ச தண்ணி மாட்டிறைச்சிச் சாறாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கோ. அல்ப்ளர்மக்ரோனெனில மக்கரோனி, உருளைக்கிழங்கு, கிறீம், சீஸ், மேல பொரிச்ச வெங்காயம், பக்கத்தில அப்பிள் கூழ். அதிலயும் பன்றித் துண்டு போடுற கடை இருக்கு. கேஸ்ஷ்னிட்டே எண்டால் பாணை வெள்ளை வைனில நனைச்சுத்தான் சீஸ் வைப்பினம், கீழ ஹாமும் இருக்கலாம். சீஸை உருக்கிச் செய்யிற ஃபோண்டுவில வைனும் கிர்ஷ் எண்ட செரிப்பழச் சாராயமும் இருக்கு.

சீஸ் விசயம் இன்னும் கொஞ்சம் சிக்கல். குரூயேர், எமென்ட்டால் எல்லாம் கன்றுக்குட்டியின்ர இரைப்பையில இருந்து எடுக்கிற ரென்னட் போட்டுத்தான் உறைய வைக்கிறது. உங்கட மாமியாருக்கு அது பரவாயில்லையோ, இல்லையோ எண்டு முதலே கதைச்சு வையுங்கோ. மலை உச்சியில வைச்சுக் கதைக்கிற கதை இல்லை அது.

மிச்சம் என்ன இருக்கெண்டால், வெறும் ரோஸ்ட்டி, சலாட், ஃபிரைஸ், தக்காளி சோஸ் போட்ட பாஸ்தா. சில இடத்தில இப்ப பருப்புக் கறி மாதிரி ஒண்டும் வைக்கினம். டிட்லிஸ் மலையில மேல போனால் இந்தியச் சாப்பாடு கிடைக்கும், யுங்ஃபிராவ்யோக்கில, 3,454 மீற்றரில, இந்திய உணவகமே இருக்கு, அது சீசனில மட்டும் திறக்கிறது. இரண்டும் உல்லாசப் பயணியளின்ர கூட்டத்துக்கு வைச்சது.

கட்டுச்சோறு கொண்டு போறதெண்டால் ஒரு சின்ன விசயம்: தேங்காய் எண்ணெய் 24 பாகையிலயே உறையும், பையுக்குள்ள இருந்த சோறு வெள்ளை வெள்ளையாத் திரண்டு வரும். நல்லெண்ணெயில கிளறுங்கோ, அது உறையாது. தயிர்ச்சோறு வேண்டவே வேண்டாம். சப்பாத்தியை ஈயத்தாளில சுத்தி ஜாக்கெட்டுக்குள்ள வைச்சால் மதியம் வரைக்கும் மடங்கும்.

விஸ்லர்வாசி | 31 ஜனவரி, அதிகாலை 1:10

மாலா அக்கா சொன்னதை என் மனைவிக்கு அனுப்பிட்டேன். ‘எண்ணெய் பாயிண்ட்’ சூப்பர்.

நான் ரெண்டு விஷயம் சேக்கறேன். கடைக்கு வெளில சறுக்குப் பலகையை நிறுத்தறப்ப ஜோடியாச் சேத்து வைக்காதீங்க. என்னோடது ஒண்ணும் உங்களோடது ஒண்ணும் சேத்து ஒரு தட்டியில, மிச்ச ரெண்டு தள்ளி வேற தட்டியில. வாடகைப் பலகைங்க எல்லாம் ஒரே நிறம். பசி மயக்கத்துல வெளில வர்றவன் முதல்ல கண்ணுல பட்டதைத் தூக்கிட்டுப் போயிடுவான், திருடன்னு சொல்ல முடியாது. பொருந்தாத ஜோடியை எவனும் தொட மாட்டான்.

அடுத்தது, பூட்ஸ். உள்ள நுழையறதுக்கு முன்னாடி மேல் கொக்கியைத் தளர்த்திடுங்க. கழிவறை எந்த நாட்டு மலையிலயும் அடித்தளத்துலதான் கட்டறாங்க, ஏன்னு தெரியல, கட்டினவன் அந்த பூட்ஸ் போட்டுப் பாத்திருக்க மாட்டான். ஈரப் படியில அந்த பிளாஸ்டிக் சப்பாத்தோட இறங்கறது கறுப்புக் குறி போட்ட, ரொம்பக் கஷ்டமான ஓட்டப் பாதையை விட ஆபத்து. சூப்புத் தட்டோட படி ஏறாதீங்க.

அடுப்படி_அண்ணை | 31 ஜனவரி, பின்னேரம் 3:55

சூப்புத் தட்டத்தோட படியில விழுந்த ஆக்களைக் கூட்டித் துடைக்கிறதும் நாங்கள்தான். விஸ்லர் தம்பி சொன்னது அவ்வளவும் உண்மை.

காசு விசயம் ஒண்டு: ட்விண்ட் எண்ட ஃபோன் செயலியில கட்டுறம் எண்டு வெறும் ஃபோனோட வராதேங்கோ. குளிரில ஃபோன் பற்றரி படுத்திடும். கடைசியில வரிசை முழுக்க நிக்கேக்க ஃபோனை நெஞ்சுக்குள்ள வைச்சுச் சூடாக்கிக்கொண்டு நிப்பினம். கார்ட் ஒண்டு வைச்சிருங்கோ.

கணக்குப்பிள்ளைக்கும் ஒரு வழி சொல்லுறன். சண்டைக்கில்லை. இரண்டு மணிக்குப் பிறகு வாங்கோ. மிச்சச் சூப்பை ஊத்திறதிலும் பாக்க உங்களுக்குக் கோப்பை நிரப்பிக் குடுக்கலாம். அந்த நேரம் டப்பாவைத் திறந்தாலும் நான் குசினிக் கண்ணாடியால பாத்தும் பாக்காத மாதிரித்தான் இருப்பன்.

கணக்குப்பிள்ளை | 31 ஜனவரி, மாலை 5:20

ரெண்டு மணின்னா பசங்க பசியில என்னையே தின்னுடுவாங்க. ஆனா அண்ணன் கையால சூப்புன்னா யோசிக்கலாம். எந்த மலைன்னு தனிமடல்ல சொல்லுங்க.

மட்டுறுத்துநர் | 31 ஜனவரி, மாலை 5:41

பணியிடத்தைக் கேட்டு யாரும் தனிமடலில் தொல்லை கொடுக்க வேண்டாம். விலை பற்றிய விவாதம் வேண்டுமானால் தொடரட்டும்.

கோவைக்காரன்_சூரிக் | 16 பிப்ரவரி, இரவு 10:50

போயிட்டு வந்தாச்சு. கேட்டவங்களுக்காக எழுதறேன்.

கிளைன ஷைடெக்ல பதினொண்ணு பத்துக்கு உக்காந்தோம். மாமனாரும் மாமியாரும் ரயில்ல வந்து எங்களுக்கு முன்னாடியே வெயில் விழற மேசையைப் பிடிச்சு வச்சிருந்தாங்க. மாமனாருக்குப் பதினொண்ணு மணிக்கு என்ன சாப்பாடுன்னு ஒரே முணுமுணுப்பு. ஆனா ரோஸ்ட்டி வந்ததும் அடி முறுகலைத் தட்டிப் பாத்து “நம்ம அடை மாதிரி சிவக்க விட்டிருக்கான்”னு அவரே பாதிக்கு மேல முடிச்சுட்டார். “ஓனெ ஷ்பெக்”னு சொன்னதும் பரிமாறின பொண்ணு எழுதி அடிக்கோடு போட்டுக்கிட்டாங்க.

மாமியாருக்குச் சீஸ் வேண்டாம்னு வீட்டுலயே முடிவாயிடுச்சு. வெறும் ரோஸ்ட்டி ஒரு வாய், சலாட், அவ்வளவுதான். அப்புறம் வெளி பெஞ்சுக்குப் போய்ப் புளியோதரை. நல்லெண்ணெய்தான், உதிரி உதிரியா இருந்தது. பக்கத்துல உக்காந்திருந்த ஒரு வயசான சுவிஸ் தம்பதி தங்களோட பாணையும் ஆப்பிளையும் பையிலேர்ந்து எடுத்தாங்க. மாமியார் ஒரு கரண்டி புளியோதரை நீட்டினாங்க. அந்தம்மா சாப்பிட்டு, தண்ணி குடிச்சு, மறுபடி கேட்டாங்க.

பதினொண்ணே முக்காலுக்கு ஆரஞ்சுச் சட்டை போட்ட குழந்தைக் கூட்டம் வரிசையா உள்ள நுழைஞ்சுது. பன்னிரண்டேகாலுக்கு வாசல் வரைக்கும் வரிசை. நாங்க அதுக்குள்ள மேல போயிட்டோம். எல்லாரும் சாப்பிட உள்ள இருக்கறதால பன்னிரண்டரையிலேர்ந்து ஒண்ணரை வரைக்கும் லிஃப்ட்ல வரிசையே இல்ல, பாதையெல்லாம் காலி. இதை ஏன் யாரும் சொல்லல?

பலகையைப் பிரிச்சு வச்ச யோசனையில ஒரு சிக்கல்: வீட்டம்மாவோட மத்தப் பலகை எந்தத் தட்டியிலன்னு தேடவே கொஞ்ச நேரம் ஆச்சு.

பேர்ண்_சிவா | 16 பிப்ரவரி, இரவு 11:15

லிஃப்ட் காலியா இருக்கிறதை நாங்கள் வேணுமெண்டுதான் சொல்லேல்லை. எல்லாரும் வந்தால் பிறகு அதுவும் நிரம்பும்.

கணக்குப்பிள்ளை | 17 பிப்ரவரி, காலை 7:32

புளியோதரை உள்ளயா வெளியவா சாப்பிட்டீங்கன்னு பாத்தேன். வெளிய. சரி, விடுங்க. ஈஸ்டருக்கு அரோசா பக்கம் போறோம். அங்க பிக்னிக் அறை எந்த லிஃப்ட் நிலையத்துல இருக்கு, மைக்ரோவேவ் இருக்கா, யாருக்காவது தெரியுமா?